மு.ஜா.

ஆய்வக நோட்டில் ஜெல் படத்தை ஒட்டி, இரண்டாம் வரிசைக்குக் கீழே பென்சிலால் ‘மு.ஜா.’ என்று எழுதியிருந்தார் அக்கா. எண்பதுகளில் வேலூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் நான் முனைவர் பட்டத்துக்காகப் பழியாய்க் கிடந்தபோது, அங்கே தற்காலிக உதவியாளராக இருந்தவர் அவர். குடியாத்தத்து நெசவுக் குடும்பம். வேலை நிரந்தரமாகிவிடும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தார்.

ஆம்பூரில் உப்புப் போட்டு அடுக்கிய தோல்களிலிருந்து எடுத்த பாக்டீரியாவை, உப்பைக் கூட்டியும் குறைத்தும் வளர்ப்போம். அதன் சிறு வளைய டிஎன்ஏவைப் பிரித்து ஜெல்லில் ஓட்டினால், அதில் எவ்வளவு முறுக்கு இருக்கிறதோ அதற்கேற்ற இடத்தில் பட்டை விழும். உப்பால் முறுக்கு மாறாது என்பது என் வழிகாட்டிப் பேராசிரியரின் கட்சி. அன்று உப்பு மிகுந்த இரண்டாம் வரிசையின் பட்டைகள் மட்டும் தள்ளி நின்றன. “பாரு தம்பி, இது முறுக்கு ஜாஸ்தி. நூல்ல முறுக்கு ஏறினா தன்மேலயே சுருட்டிக்கும்ல, அதான்” என்று சிரித்துக்கொண்டே அக்கா அந்த இரண்டெழுத்தைக் குறித்தார்.

மறுநாள் பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். அடுத்த ஆய்வகத்தில் அதே முதலெழுத்துகளோடு ஒரு மாணவர் இருந்தது எங்கள் போறாத காலம்.

“அந்தப் பையனோட டியூபை ஏம்மா இதுல கலந்த?”

“இல்ல சார், முறுக்கு ஜாஸ்தின்னு எழுதினேன்.”

“கதை கட்டாத.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் ஆய்வேட்டில் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய வாரம் அது. நான் குடுவை கழுவப் போய்விட்டேன். கோழைத்தனம், வேறென்ன சொல்ல. மாதக் கடைசியில் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சில வருடங்களில் வெளிநாட்டு ஆய்விதழ்களில் இதே பேச்சு அடிபட்டது. உப்பு ஏறினால் டிஎன்ஏவின் முறுக்கு மாறும்; அதனால் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், சில அடங்கிவிடும்; உப்பில் உயிர் தரிக்க பாக்டீரியாவுக்கு அதுவும் ஒரு வழி. ஒரு கட்டுரையை நகலெடுத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். விசைத்தறிக் கூடத்திலிருந்து வெளியே வந்த அக்கா, நான் சொன்னதை முழுதும் கேட்டார். தாளைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்தார்.

“இத எனக்கு இன்னாத்துக்குக் கொண்டாந்த? எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்குந்தான் தெரியும்.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே பஸ் ஏறினேன்.