கையிலிருந்த இரும்பு

பத்து மரத்துக்கு ஒரு முறை கருப்பாயி கத்தியின் பிடியால் வாளியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பக்கத்து நிரையிலிருந்து பெரியநாயகியின் வாளி இரண்டு தட்டுப் பதில் சொல்கிறது. பிறகுதான் அடுத்த மரம். மலாயாவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆறு மாதமாக இப்படித்தான் பட்டையைச் சீவிப் பால் மரம் வெட்டுகிறார்கள். யோசனை பெரியநாயகியுடையது. "காட்டோரத்து நிரை, புலி நடமாட்டம் இருக்குலா. ஒஞ் சத்தம் வரலேன்னா நான் ஓடியாந்துருவேன்" என்றாள். கருப்பாயி நம்பினாள்.

முப்பது வயதுக்காரி. மெலிந்த, வேகமான கை. புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தோட்டத்தில் அவள் பேர் நிற்பது அந்தக் கத்தியால்தான். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து, வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் அவளுக்கு வாசல் திறக்க ஆள் இல்லை.

அவளிடம் சில விநோதங்கள் உண்டு. கிணற்றடிக்குத் தனியாகப் போக மாட்டாள். அடுப்பை எட்டி உட்கார்ந்துதான் ஊதுவாள். வேலை முடிந்த பிறகும் கத்தியைக் கீழே வைப்பதில்லை. பழந்துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள், தூங்கும்போது பாய்க்கடியில். லயத்து வரிசை வீடுகளில் பெண்களுக்கு அது வேடிக்கை. "கருப்பாயி மரத்தையே மொறச்சிக்கிட்டு நிக்கிறாடி, பொண்ணு பாக்க வந்தவனாட்டம்" என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, எப்போது நின்றோம் என்று யோசிப்பாள். ஞாபகம் வராது.

அதுதான் அவளுடைய பயம். முதலில் புகை வீட்டின் வாடை வரும், ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடும்போது வருமே, அதே கரிந்த வாடை. புகை வீடோ இரண்டு மைலுக்கு அப்பால். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். அப்புறம் பார்த்தால் வெயில் ஒரு சாண் நகர்ந்திருக்கும். எதிரே நிற்கும் மரத்தில் பட்டை கிழிந்து, கத்தி கட்டை வரை இறங்கியிருக்கும்.

கங்காணி தம்புசாமி அந்தக் காயங்களில் விரலை விட்டுப் பார்ப்பார். "மரமா இது, மாட்டுத் தொடையா? கண்ண எங்க வச்சிருந்த?"

"நான் வெட்டலீங்க."

"பின்ன, புலி வந்து வெட்டுச்சா?"

அவள் பொய் சொல்லவில்லை. தான் வெட்டியது அவளுக்கே தெரியாது.

காக்காவலிப்பு என்ற சந்தேகம் லயத்தில் யாருக்கும் வரவில்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். கருப்பாயியின் கையில் எப்போதும் இரும்பு இருக்கிறது. இரும்பைப் பிடித்திருக்கும்போதே வருவது வலிப்பாக இருக்க முடியாது. ஆகவே காட்டோரத்து முனி என்று முடிவாயிற்று. கத்தி உடம்பை விட்டு இறங்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டுப் போனார். வாடை வரும்போதெல்லாம் அவள் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

போன மாதம், விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, சேலை நனைந்தது. தோட்டத்து மருந்தறை டிரசர் கதிர்காமநாதன், அவளுடைய மயக்கத்தை மலேரியாக் காய்ச்சல் என்று எண்ணி, ஆறு வாரமாக அவளுக்குக் கொய்னா கொடுத்து வந்தவர். அன்று அவள் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"பிழை விட்டிட்டன் பிள்ளை, இது காய்ச்சல் இல்லை. மலாக்காவுக்குப் போ. உனக்கு இது வரேக்கை பார்த்த ஆளையும் கூட்டிக்கொண்டு போ."

பெரியநாயகியும் கூட வந்தாள். மலாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் இராஜரட்ணம் கருப்பாயியிடம் இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் பெரியநாயகியின் பக்கம் திரும்பினார். "அந்த நேரம் இவவுக்கு நினைவு இல்லை. நீதான் சொல்லோணும். என்ன பார்த்தனி?"

பெரியநாயகி தரையைப் பார்த்தாள். "சொன்னா இவளக் கப்பலேத்திருவாங்கய்யா."

"சொல்லாட்டில் கிணத்துக்குள்ள விழுவா."

பெரியநாயகி எழுந்து நின்றாள். சொல்லவில்லை, செய்து காட்டினாள். கண்கள் ஒரே இடத்தில் நின்றன. உதடு எதையோ சப்புக்கொட்டியது. இடது கை சேலை முந்தானையைப் பிசைந்தது. வலது கை, கத்தி பிடித்த மாதிரி, காற்றில் மெல்ல இறங்கிக்கொண்டே போனது.

கருப்பாயி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அது நானாக்கா?"

"நீதான்டி. ஆறு மாசமாப் பாக்குறேன். அந்தத் தட்டு புலிக்கு இல்ல, ஒனக்குத்தான்."

டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். "முனியும் இல்லை, பேயும் இல்லை. வலிப்பிலை இப்பிடியும் ஒரு வகை இருக்கு, ஆள் விழாமலும் வரும். அதெண்டுதான் நினைக்கிறன். மருந்து குடி, வந்த நாளெல்லாம் டிரசரிட்டைச் சொல்லு, இரண்டு மாதத்தாலை திரும்ப வா. இரும்பு பிடிச்சால் நிக்காது. கத்தி உன்ரை கையைத்தான் வெட்டும். கத்தி வேண்டாம் எண்டு டிரசருக்கு எழுதுறன். புல்லுப் பிடுங்கிற வேலை கேட்கச் சொல்லுறன்."

"கத்தின்னு மட்டும் எழுதாதீங்கய்யா" என்றாள் கருப்பாயி.

அவர் எழுதி மடித்துக் கொடுத்தார். புல்லு வேலை கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கருப்பாயியின் ஒரு கையில் மருந்துப் போத்தல், இன்னொரு கையில் கடுதாசி. "இதக் கிழிச்சிப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அப்போது அந்த வாடை வந்தது. எதிரே சைக்கிள்களும் ரிக்‌ஷாக்களும்தான். புகை வீடு எங்கேயும் இல்லை. கருப்பாயி கடுதாசியை மடியில் போட்டாள்; கை வழக்கம்போல இடுப்புக்குப் போய்க் கத்தியைப் பிடித்தது. ஒரு கணம் இறுகியது. பிறகு அதைத் துணியோடு உருவிப் பெரியநாயகியின் மடியில் வைத்தாள். போத்தலையும் கடுதாசியையும் அதன்மேல் வைத்தாள். பெஞ்சை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வெறுங்கையை அவளிடம் நீட்டினாள்.