அடி பிடித்த களி

புதிதாக வந்த கன்சோல் கேம் ஒன்றுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்திருந்தேன். மற்ற விமர்சகர்கள் அதை மெதுவாக நகர்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். நானும் திரையில் ஒரு பாலத்தின் முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முதல் வரியை அப்படியே எழுதிவிட்டேன். அப்போதுதான் அடுப்படியிலிருந்து, அம்மா கிண்டும் கேழ்வரகுக் களி கருகும் வாசனை வந்தது.

சின்ன வயதில் காவலூர் வீட்டிலும் இதே வாசனைதான். அப்பா செங்கம் சந்தையில் கேசட் போட்டு ஆடும் டிவி கேம் வாங்கியிருந்தார். நானும் அக்காவும் ஆடும்போது அம்மா களி கிண்டும் துடுப்போடு வந்து பின்னால் நிற்பாள். அவள் ஒருநாளும் ஆடியதில்லை. ஆட்டம் பிடித்துவிட்டால் அடுப்பு மறந்துபோகும்.

கருகிய களியை அப்பா முகம் சுளிக்காமல் கீரைக் குழம்பில் தோய்த்துத் தின்பார்.

"இன்னா, கேசட் நல்லா கீதா?" என்று அம்மாவைக் கேட்பார்.

"அந்தப் பையன் பள்ளத்த தாண்டுற வரைக்கும் உள்ள போவ மனசே வர்லீங்க."

களி பதமாக வந்துவிட்டால், அடுத்த சந்தைக்குப் போகும்போது அந்த கேசட்டைக் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டு வருவார். எங்களைக் கேட்கவே மாட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலிக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள், கையில் துடுப்பு.

"இன்னாடா நிறுத்திட்ட? அந்தப் பாலத்த தாண்டு."

எழுதிய வரியை அழித்துவிட்டு, பாலத்தைத் தாண்டினேன்.