புடலங்கன்றுக்கு ஒரு கம்பளித் தொப்பி

லண்டன் மோர்டனில் என் மருமகன் வீட்டுப் பின்பக்கக் கோடிப்புறத்தில் ஒரு மரக்கொட்டில் இருக்கிறது. மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் இல்லை, என் கணவருடைய அக்காவின் மகன். அந்தக் கொட்டிலுக்குள் மண்வெட்டிக்கும் பூவாளிக்கும் மேலே ஓர் ஆணியில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்று தொங்கும். காதுவரை இழுத்து மூடக்கூடிய தொப்பி. ஒரு பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. சாமான் எதையும் சேர்த்து வைக்காத பிள்ளை, வீடு மாறியபோதெல்லாம் அதை மட்டும் மறக்காமல் கொண்டுபோனான். போன கிழமையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்களும் அவனுடைய அம்மாவும், அதாவது என் மச்சாளும், ஒரே வீட்டில்தான் இருந்தோம். மச்சாள் கவுன்சில்காரரோடும் சண்டை பிடிப்பா, பஸ்காரனோடும் பிடிப்பா, ஆனால் அவவுடைய நிரந்தர எதிரி வானம்தான். லண்டனின் பனிக்காலத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வா. குளிர் என்று சொல்லிவிட்டு வருகிறது, குளிராகவே இருந்துவிட்டுப் போகிறது என்பா. சித்திரையைத்தான் அவவால் மன்னிக்க முடியவில்லை. "காலமை வெயில், பிறகு மழை, சோறு வடிக்கிறதுக்குள்ள ஆலங்கட்டி, கொடியில உடுப்பை எடுத்து முடிய திரும்ப வெயில். இது என்ன விசர் பிடிச்ச வானமோ!" என்று சமையலறை யன்னலில் நின்று ஏசுவா. நான் சிரித்தால் எனக்கும் சேர்த்து விழும்.

அந்த வருடம் அவவுடைய மகன் ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி ஊரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டு, வழியில் எங்கேயோ தொலைந்துபோனான். இலையுதிர்காலம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. மச்சாள் சாப்பாட்டைக் குறைத்தா, பேச்சைக் குறைத்தா, கடைசியில் கோயிலில் போய் நேர்த்தி வைத்தா. "என்ர பிள்ளை முழுசா வந்து சேரட்டும். என்ர கையால நட்ட புடலங்காயில ஆடித் திருவிழாவுக்குக் கறி வைக்கிறன்." எனக்கு வாய் சும்மா இருக்காது. "உருளைக்கிழங்கு எண்டு நேர்ந்திருந்தா இந்த ஊரில தானா முளைக்குமே, மச்சாள்" என்றேன். "லேசான காரியத்துக்கு ஆரும் நேர்த்தி வைப்பினமோ?" என்றா.

மார்கழியில் அவன் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக, தலையில் அந்தச் சாம்பல் தொப்பியோடு வாசலில் நின்றான். மச்சாள் சொந்தக்காரர் இருந்த ஹரோவுக்கும் ஃபாரஸ்ட் கேட்டுக்கும் டெலிபோன் எடுத்து, "முழுசா வந்திட்டான், முழுசா வந்திட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதா. பக்கத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அதற்குப் பிறகு தொப்பியைக் கழற்றவே இல்லை. ஹீற்றர் எரிகிற அறையிலும் தொப்பி, சாப்பிடும்போதும் தொப்பி, படுக்கும்போதும் தொப்பி. கேட்டால், "குளிருது அம்மா" என்பான். வந்த வழியைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டான்.

மாசி முடியும்போது மச்சாள் யோகட் கோப்பைகளில் புடலம் விதை போட்டு, ஹீற்றருக்கு மேலே யன்னல்கட்டில் அடுக்கினா. பங்குனியில் கன்றுகள் இரண்டிலை, நாலிலை என்று எழும்பின. வேலையால் வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னமே அவற்றைத்தான் பார்ப்பா. நேர்த்தி தவறினால் அது பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று அவவுக்கு உள்ளுக்குள் நடுக்கம் இருந்தது. அந்தக் கன்றுகளை அவ செடியாகப் பார்க்கவில்லை.

சித்திரைப் புதுவருடத்தன்று வெயில் எறித்த எறிப்பில் செங்கல் மதில் கைவைத்தால் சுட்டது. டிவி வானிலைப் படத்தில் நாடு முழுக்க மஞ்சள் சூரியன்களாக ஒட்டி வைத்திருந்தார்கள். பஞ்சாங்கத்திலும் கன்று நட மத்தியானத்துக்கு முந்தி நல்ல நேரம் என்று இருந்தது. மச்சாளின் பஞ்சாங்கமும் என் டிவியும் ஒரே கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். காலையில் புதுவருட வழக்கப்படி மூலிகை மருத்துநீரைத் தலையில் வைத்துத் தோய்ந்தோம். மகனின் தலையில் தன் கையால் வைக்க வேண்டும் என்று மச்சாள் கிண்ணத்தோடு நின்றா. அவன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினான். மச்சாளின் முகம் வாடிப்போயிற்று. கன்றுகளை எடுத்துக்கொண்டு கோடிக்குப் போய், மதிலோரம் வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டா.

சொந்தக்காரர் எல்லாம் பட்டுச்சேலையும் வேட்டியுமாக வந்து நிறைந்துவிட்டார்கள். பாயாசம் பரிமாறும்போது அறை திடீரென்று இருண்டது. யாரோ லைட்டைப் போட்டார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே பனி கொட்டியது. மழையில் கலந்த தூறல் இல்லை, உள்ளங்கை அகலத்தில் பூவாகப் பிய்ந்து விழுகிற உண்மையான பனி. தெருக்கோடியில் இன்னும் வெயில் நின்றது. அந்த வெயில் பட்டு, விழுகிற பனியெல்லாம் பொன்னாக மினுங்கியது. பயமும் அதிசயமும் சேர்ந்து என் மேலெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு அழகான ஒன்று எங்கள் கன்றுகளைக் கொல்ல வருகிறதே என்று நினைத்தேன்.

"ஐயோ, என்ர கண்டுகள்" என்று மச்சாள் வெறுங்காலோடு ஓடினா. பிறகு எல்லோரும் ஓடினோம். கையில் அகப்பட்ட அலுமினியப் பானை, சட்டி, கறிவாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொரு கன்றின் மேலும் கவிழ்த்தோம். பட்டுச்சேலைக்காரிகள் பனிக்குள் குந்தியிருந்து சட்டி கவிழ்ப்பதை வேலிக்கு அப்பால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். கடைசிக் கன்றுக்கு ஒரு பாத்திரமும் மிஞ்சவில்லை. மச்சாள் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தா.

வந்த நாளிலிருந்து கோடிப்பக்கம் கால் வைக்காத மகன் அப்போதுதான் வெளியே வந்தான். பனியில் கால் வைக்கும்போது அவன் தொப்பியைக் காதுவரை இழுத்து மூடியதைக் கண்டேன். சுள்ளிகள் சிலவற்றை முறித்துக் கன்றைச் சுற்றி ஊன்றினான். தொப்பியைக் கழற்றினான். அதைச் சுள்ளிகளின் மேல் கூடாரம்போல் இழுத்துவிட்டு, இலை எங்கும் தொடவில்லையா என்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். நாங்கள் கன்றைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது காதின் மேல்பாதி இல்லை. எரிந்து உதிர்ந்ததுபோல் ஓரம் சுருண்டு கறுத்திருந்தது.

"தகரம் இலையில படக்கூடாதம்மா. குளிரில தகரம் எரிக்கும்" என்றான். பிறகு மெதுவாக, "வாற வழியில லொறிக்குள்ள நித்திரையில சாஞ்சிட்டன். காது தகரத்தில ஒட்டிப்போச்சு. நீங்கள் முழுசா வந்திட்டான் எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டனீங்கள்" என்றான். மச்சாள் எழும்பி, பட்டுச்சேலைத் தலைப்பால் அந்தக் காதில் விழுந்த பனியை ஒற்றி எடுத்தா. ஏசவும் இல்லை, அழவும் இல்லை. பனி அவர்கள் இரண்டு பேரின் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

மற்றக் கன்றுகளைச் சுற்றியும் சுள்ளி ஊன்றிப் பார்த்தோம், ஆனால் நேரம் பிந்திவிட்டது. விடிய உறைபனி. சட்டிகளைத் தூக்கினால் இலையெல்லாம் வெந்த கீரையாகக் கிடந்தது. தொப்பிக்குள் இருந்தது மட்டும் பச்சையாக நின்றது. அது வைகாசி முழுக்க வளரமாட்டேன் என்று அடம்பிடித்து, ஆனி வெயிலில் ஒரேயடியாக மதிலேறிப் பூத்தது. பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மச்சாள் தினமும் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. ஆடித் திருவிழாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காய். அதை அரிந்து கோயிலின் பெரிய கறிக் கிடாரத்துக்குள் போட்டா. அத்தனை சனத்துக்கும் மகன்தான் வாளியோடு நின்று கறி பரிமாறினான், வெறுந்தலையோடு. என் வாய் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. "முழுசா எண்டெல்லோ நேர்ந்தனீங்கள், மச்சாள்?" என்று காதுக்குள் கேட்டேன். "கடவுளிட்டைப் பிள்ளையைக் கேட்டன், தந்திட்டார். இனி நான் அளந்து பாக்கிறதோ?" என்றா.

அதற்குப் பிறகு மச்சாள் வருடாவருடம் கன்றுகளை வைகாசியில் பிந்தித்தான் வெளியே வைத்தா. ஆனால் சாகும்வரைக்கும் புதுவருடத்தன்று ஒரு கன்றை மட்டும் மதிலோரம் நடுவா. "இது வானத்துக்கு. எடுக்கிறதெண்டா எடுக்கட்டும்" என்பா. சில வருடம் வானம் எடுத்தது, சில வருடம் விட்டது.

போன கிழமை புதுவருடம். வெயில் அருமையாக எறித்தது. மருமகனுக்கு இப்போது தலை நரைத்து, முன்பக்கம் வழுக்கையும் விழுந்துவிட்டது. ஒரு கன்றை நட்டான். வானத்தை அண்ணாந்து பார்த்தான். "டிவி நல்ல வெயில் எண்டெல்லோ சொல்லுது" என்றேன். "அண்டைக்கும் அப்பிடித்தானே மாமி சொன்னது" என்று சொல்லிக்கொண்டே கொட்டிலுக்குள் போய், ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துவந்தான். சுள்ளிகளை ஊன்றி அதை மேலே இழுத்துவிட்டு, இலையில் படவில்லையா என்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். பிறகு அந்த விரல்களாலேயே, தன்னையறியாமல், இடது காதைத் தடவிக்கொண்டான்.