ஃபெர்ரியில் கேட்ட கல்யாண ஆல்பம்

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினேன். மதிய வெயில், அசையாத கடல்... எதிர்க்கரையில் ஜார்ஜ்டவுன் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. எனக்கும் கண் சொக்கியது.

பக்கத்தில் என் தோழி தேவி. செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை அவளுடைய கைப்பேசி வாசித்துச் சொல்லும். இந்தப் பத்தியையும் அப்படித்தான் கேட்கிறாள் – என்னைத் திட்டுவதற்காகவே!

அன்று அந்தக் குரல் ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது. “படம்... படம்... படம்...”

“என்ன தேவி, உன் போனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“தங்கச்சி கல்யாண ஆல்பம்க்கா. மாப்பிள்ளை வெப்சைட்ல போட்டிருக்காரு. படத்துல என்ன இருக்குன்னு யாரும் எழுதல லா. எழுதினாத்தானே இது வாசிக்கும்?”

பிறகு குரல் தாழ்ந்தது. “மண்டபத்துல என்னை ஃபேன் பக்கமா உட்கார வெச்சிட்டாங்க. ஒரே ஒரு தடவ போட்டோவுக்குக் கூப்பிட்டாங்க. அந்தப் படம் ஆல்பத்துல இருக்கா? பாத்து எழுதுங்கக்கா, மாப்பிள்ளைகிட்ட பாஸ்வேர்ட் வாங்கிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் கைப்பேசியை வாங்கி ஆல்பத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கப் பெட்டி, எல்லாம் காலி. முதல் படத்துக்கு ‘மணமக்கள்’ என்று தட்டினேன்; குரல் அதை வாசித்தது.

“அட, அது எனக்குத் தெரியாதா? அவ சிரிக்கிறாளா, தூங்கி வழியிறாளா? அதச் சொல்லுங்க!”

நியாயம்தானே? சிரிப்பை எழுதினேன். நழுவும் மாப்பிள்ளைத் தலைப்பாகையை எழுதினேன். தேவியைத்தான் காணோம். பாதிக் கடல் தாண்டியாயிற்று. இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

கடைசியில் ஒரு குடும்பப் படம். மணப்பெண் கேமராவைப் பார்க்காத படத்தை வழக்கமாகக் கழித்துவிடுவார்கள். இதை யாரோ வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். தங்கச்சியைத் தவிர வேறு யார்? பெட்டியை நிரப்பிவிட்டுக் கைப்பேசியை நீட்டினேன். அது உணர்ச்சியே இல்லாமல் வாசித்தது.

“குடும்பப் படம். ஓரத்தில் அக்கா தேவி, பச்சைப் பட்டு. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மணப்பெண் மட்டும் தேவியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.”

தேவி அதை மறுபடி வாசிக்க வைத்தாள். மறுபடியும்... ஃபெர்ரி கரையைத் தொட்டது, கூட்டம் இறங்கிவிட்டது. நாங்கள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படம் போடுகிறவர்களே, கூடவே ஒரு வரி எழுதிவிடுங்களேன்... யாரோ ஒருத்தி அதில் தன்னைத் தேடிக்கொண்டிருப்பாள்.