லகாட் இரும்புக் கடையில் கேட்ட கித்தார்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் நடந்தது இது. அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில்தான் என் கணவரின் காரைக் கடைசியாகப் பார்த்தேன்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் ஓடாமல் நின்ற காரை எடுத்துப் போகும்படி அந்தக் கடைக்குச் சொன்னது நான்தான். அவர் வயரிங் வேலை செய்தவர். வேலைக்குப் போனாலும் சரி, ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனாலும் சரி, காரில் ஒரே ஒரு சிடிதான் ஓடும். பிரேசில் தாளத்தில் வாசித்த ஜாஸ் கித்தார். அதில் பாடுகிறவர் யாரும் கிடையாது. "இதுல என்னங்க இருக்கு?" என்று அலுத்துக்கொண்டு சத்தத்தைக் குறைப்பேன். அவர் சிரிப்பார். மறுபடி கூட்ட மாட்டார்.

கார் போன மூன்றாம் நாள், அலமாரியை ஒழித்தபோது அந்த சிடியின் காலிப் பெட்டி கையில் அகப்பட்டது. சிடி காருக்குள்ளேயே போய்விட்டது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. போட்டது போட்டபடி கிளம்பினேன்.

டயர் இல்லாமல், என்ஜின் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது கார். பக்கத்தில் தகடாக நசுக்கிய கார்கள் அடுக்கியிருந்தன. இரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், நம் தமிழர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு நசுக்க வேண்டிய வண்டி அக்கா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க லா. ஆனா பேட்டரி கழட்டியாச்சே. இருங்க, வேற ஒன்னு கொண்டாரேன்."

"உங்க வேலையக் கெடுக்கறேனே தம்பி."

"தாப்பா லா, பரவால்ல, ஒன்னும் இல்ல."

பேட்டரியைத் தூக்கி வந்து வயரை இணைத்தார். பட்டனை அழுத்தினேன். சிடி வெளியே வரவில்லை. முதல் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

பழக்கத்தில் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன். கித்தாருக்கு அடியில் மெல்லிய தாளம், டப்பாவில் அரிசியைக் குலுக்குவது போல. கம்பிமேல் விரல் உரசும் சத்தம்கூடக் கேட்டது. வேகமாகப் போகிற கித்தார், ஏதோ ஞாபகம் வந்தது போலத் திடீரென்று நிதானமாகும். அந்த இடத்தில் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை கோப்பெங் தாண்டி மழையில் போகும்போது அவர் சொன்னார்: "இதுல வார்த்தையே இல்லல்ல, அதான் நீ பேசறது எனக்கு முழுசா கேக்குது." கிண்டல் என்று நினைத்து அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரும்புக் கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

அந்த மனிதர் இரும்பு வெட்டுவதை நிறுத்திவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார். சிடி முடியும்வரை, முக்கால் மணி நேரம், இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு சிடி பிளேயரை அப்படியே கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

இப்போது அது, ஒரு பேட்டரியும் ஸ்பீக்கரும் இணைத்து, என் சமையலறையில் ஓடுகிறது. எல்லாமே பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நான்காவது பாட்டு இன்னும் இழுவைதான். ஆனால் கூட இருப்பவர் ஒன்றை ரசிக்கும்போது, அதில் என்ன பிடித்திருக்கிறது என்று அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.