பேர் தெரியாத கத்தி

ரம்புக்கனையில் ஸம்சுதீன் நானாவின் பழைய இரும்புக் கடைக்கு ஒரு சாக்குச் சாமான் வந்திருக்கிறதாம், அதில் பாதிக்கு எவனுக்கும் பேர் தெரியவில்லையாம், ஒன்று யானைக்குப் பல் பிடுங்குகிற குறடாம் என்று பாட்டுப் போட்டு த்ரீவீலரில் பாண் விற்கும் சூன்பாண்காரர் சொன்னதாக, தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் அழகம்மா சொன்னாள். அதைக் கேட்டுவந்து விஜயகலா வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் கிருஷ்ணராஜ் சிரிக்கவில்லை.

"எங்கேயிருந்து வந்த சாமானாம்?"

"அழகம்மா அக்கா என்ன மெக்கானிக்கா, வெவரம் சொல்ல? ஏதோ பழைய ரப்பர் ஸ்டோரை ஒடச்சு வித்ததாம்."

"அப்போ நான் நாளைக்குப் போறேன்."

சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பாலை உறையவைத்து எடுத்த கட்டியை ஷீட்டாக அழுத்தும் ரோலர் மில் நின்றுபோயிருந்தது. அதன் ஷாஃப்ட், இரண்டு பாதியாகப் பிளந்த பித்தளை புஷ்ஷுக்குள் உட்கார்ந்து சுற்றுவது. பழைய புஷ் தேய்ந்துவிட்டதால் கேகாலையில் கடைந்து புதிது போட்டான். மில்லை ஓட்டினால் கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் புஷ் கொதித்து, கீச்சிட்டு, இறுகிவிடுகிறது. அரைவட்ட அரம் போட்டுத் தேய்த்தான். இன்னும் மோசமானது. திங்கட்கிழமை மில் ஓடாவிட்டால் பாலை பவுசர் லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு ஸ்டோரைப் பூட்டப்போவதாக மெனேஜர் தொரை சொல்லியிருந்தார்.

ஸ்டோரைப் பூட்டினால் மெக்கானிக் எதற்கு? மறுபடியும் கொழும்புதான். கொழும்பில் ஒரு த்ரீவீலர் கராஜில் வேலைசெய்து, அதன் பரண்மேலேயே படுத்து வாலிபத்தைக் கழித்தவன் அவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோவான். ஒருமுறை வந்தபோது பெற்ற மகளே அவனை "மாமா" என்று கூப்பிட்டாள். லயத்து வரிசை வீடு முழுக்கச் சிரித்தது, அவனும் கூடச் சிரித்தான். இந்த ஸ்டோர் வேலை கிடைத்துப் போன வருஷம்தான் வீட்டோடு வந்து சேர்ந்தான். தன் சட்டை தன் வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்க்கும்போது இன்னும் அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஆனால் கராஜில் படித்த வித்தை வேறு. பெயாரிங் போனால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவான். வெள்ளைக்காரன் காலத்து மில்லுக்குப் புதிது எங்கே கிடைக்கும்?

சனிக்கிழமை ஸம்சுதீன் நானா சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். ஸ்பேனர்கள், திருகு அச்சுகள், யானைக் குறடு என்று பேர்பெற்ற குழாய் பிடிக்கும் குறடு. அவற்றுக்கிடையில் மரப்பிடி போட்ட ஒரு சாமான் கிடந்தது. கரண்டிபோல வளைந்து, நுனி மேலே தூக்கி, வயிற்றில் நீளப் பள்ளம். இரண்டு ஓரமும் கூர்.

"இது என்னாங்க நானா?"

"எனக்குத் தெரியா மகன். காலையில ஒத்தரு தேங்காய் தோண்டுறதுன்னாரு. இன்னொருத்தரு ஆஸ்பத்திரிச் சாமான்னாரு. அவர நான் ஒரு மாதிரிப் பாத்தன்."

"என்ன விலை சொல்றீங்க?"

"பேர் தெரியாத சாமானுக்கு இந்தக் கடையில விலை இல்ல. கொண்டுபோங்க, என்னான்னு கண்டுபுடிச்சிட்டு வாங்க, அப்ப பேசுவம். கண்டுபுடிக்க ஏலாட்டி திருப்பிக் கொண்டாங்க."

அது அவருடைய கடைச் சட்டம். விலை அதிகம் சொன்னால் பாவம், குறைத்துச் சொன்னால் மடத்தனம், இரண்டுக்கும் நான் தயாரில்லை என்பார். மில் நின்ற கதையைக் கேட்டு கிருஷ்ணராஜின் முகத்தைப் பார்த்தவர், கேட்காமலேயே போனை எடுத்துச் சாமானைப் படம் பிடித்தார். "தங்கச்சிட மகன் ஹிஷாம் டோஹாவில கப்பல் பட்டறையில ஈக்கிறான். அனுப்பி வெக்கிறன். அவனுக்கு ஓய்வு கெடச்சாப் பாப்பான்."

வீட்டுக்கு வந்ததும் விஜயகலா அதைக் கையில் எடுத்தாள். எடுத்த கை இடக்கை.

"என்னாங்க, இதுபோய்த் தெரியலையா? பால் வெட்டுற கத்திங்க இது. பள்ளத்தைப் பாருங்க. என்னைய மாதிரி நொட்டாங்கைக்காரி எவளோ சொல்லிச் செஞ்சிருக்கா."

கிருஷ்ணராஜுக்கும் சரி என்றே பட்டது. ரப்பர் தோட்டத்தில் வளைந்த கூர்ப்பக்கமும் பள்ளமும் உள்ள எதுவும் பால்கத்தியாகத்தான் தெரியும். வலக்கைக் கத்தியோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவளுக்குக் கிடைத்துவிட்டது என்று மனைவிக்காகச் சந்தோஷப்பட்டான். தன் மில்லுக்கு இது உதவாதே என்று ஏமாந்தான்.

ஞாயிறு காலை, லீவு நாளில் தனிக் கூலிக்குப் பால் வெட்டும் காசுவெட்டுக்கு அவள் அதைக் கொண்டுபோனாள். முதல் மரத்திலேயே கத்தி வழுக்கிப் பட்டையில் காயம் விழுந்தது. "மரத்தைச் சவரம் பண்ண வந்தியா, பால் வெட்ட வந்தியா?" என்று கங்காணி கத்தினார். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் கத்தி மேல் இல்லை. கங்காணி அந்தப் பக்கம் போனதும், காய்ந்து நின்ற ஒரு பட்டமரத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பால்வெட்டுக்காரியின் விரலுக்குச் சீவி வரும் பட்டைச் சுருளின் தடிப்பு தெரியும். தடித்தால் மரத்துக்குக் கேடு, மெலிந்தால் பால் வராது.

வாளியை இறக்கி வைத்ததும் நேரே அவனிடம் வந்தாள்.

"இது வெட்டுற கத்தி இல்லைங்க. இழுத்தா வழுக்குது. ஓரத்தால பக்கவாட்டுல சொரண்டினா மட்டும் புடிக்குது, தலைமுடி மாதிரி வருது. இவ்வளவு மெல்லிசா எதைங்க சொரண்டுவாங்க?"

கிருஷ்ணராஜ் கத்தியை வாங்கி, பிடி சேரும் மூலையைத் துணியால் துடைத்தான். அழுக்குக்குள் மஞ்சளாகத் துகள் மின்னியது. பித்தளை.

அந்தத் துகளை அவன் நகத்தால் கிளறியபோது போனில் செய்தி வந்த மணி அடித்தது. ஸம்சுதீன் நானா அனுப்பிய குரல்பதிவு. முன்பின் தெரியாத ஹிஷாமின் குரல், பின்னால் சுத்தியல் சத்தம்.

"கிருஷ்ணராஜ் அண்ணன், அது புஷ் சுரண்டுற கத்தி. நாங்களும் இங்க அதத்தான் புடிக்கிற. ஷாஃப்டுல விளக்குக்கரிய எண்ணெயில கொழச்சி மெல்லிசாப் பூசுங்க. புஷ்ஷுல வெச்சி ஒரு சுத்து சுத்தி எடுங்க. கரி பட்ட எடம் மேடு. அத மட்டும் சுரண்டுங்க, திரும்ப வெச்சிப் பாருங்க. அரம் மட்டும் போட வாணாம். அவசரப்பட வாணாம், என்ன? ஏதும் வெளங்காட்டி எந்த நேரமும் எடுங்க."

"நீ மொதல்லயே கண்டுபுடிச்சிட்ட," என்றான் கிருஷ்ணராஜ்.

"மரத்துக்குக் காயம், எனக்கு ஏச்சு. சும்மாவா கண்டுபுடிச்சேன்?"

பிள்ளைக்குக் கண்மை எடுப்பதுபோல விளக்குச் சுடருக்கு மேல் தட்டைப் பிடித்து அவளே கரி எடுத்துக் கொடுத்தாள். ஸ்டோரில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் ஷாஃப்டைச் சுற்ற, அவள் கரிப்புள்ளிகளைத் தேடினாள். அரம் போட்ட இடங்கள் பள்ளமாக, மீதியெல்லாம் மேடாக இருந்தன. அவன் கை கனத்தபோது கத்தியை அவள் வாங்கினாள். பித்தளை சுருண்டு சுருண்டு உதிர்ந்தது. "எடது கைக்கு இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். சாயங்காலம் கரி, புஷ்ஷின் வயிறு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியாகப் பரவி விழுந்தது; இனி மேடு பள்ளம் இல்லை.

திங்கள் காலை மில்லை ஓட்டினான். தேத்தண்ணி ஆறியது. மில் ஓடியது. முதல் ஷீட் நெளிந்து இறங்க, ஸ்டோர்ப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். மெனேஜர் தொரை வந்து புஷ்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை, வைத்தபடியே நின்றார். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னவர், "பவுசருக்கு வேண்டாம்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருஷ்ணராஜ் வெளியே வந்து, கத்திக்கு விலை பேச வருவதாக ஸம்சுதீன் நானாவிடம் போனில் சொல்லி, ஹிஷாமின் நம்பரைக் கேட்டு வாங்கி அழுத்தினான். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்த வார்த்தை எதுவும் ஞாபகத்தில் இல்லை. கப்பலின் அடியில் கிடப்பானோ, இரவு வேலை முடிந்து இப்போதுதான் கண் அயர்ந்திருப்பானோ? பரண்மேல் படுத்தவனுக்கு அந்தத் தூக்கத்தின் அருமை தெரியும். வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மனம் வரவில்லை.

ஹிஷாம் எடுத்ததும் முதலில் மில் சத்தம்தான் அவன் காதில் விழட்டும் என்று, போனை ஸ்டோர் ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். டோஹாவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.