மேகத்துக்கு ஈரத்துண்டு

மலைக்குப் போகிறேன் என்றதும் கடையில் எல்லோரும் டூர் என்றுதான் நினைத்தார்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பில் போடுகிற ஒருத்தி, புருஷனின் பழைய கியர் வண்டியை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக நீலகிரிக்குக் கிளம்பினால் வேறென்ன நினைப்பார்கள். வரும்போது வர்க்கி வாங்கி வா என்றார் முதலாளி. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நான் போனது, பெற்ற மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர ஓர் இடம் பார்க்க.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எண்ணூர் பக்கம் சடையங்குப்பத்தில் எங்கள் வீடு. பனிக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பும் வந்துவிடும். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் பனிக்காலம்கூட வேண்டியதில்லை. நெபுலைசர் மாஸ்க்கை வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். கடைசியாகப் போனபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் மருந்துதாம்மா மாத்த முடியும், காத்த மாத்த முடியாது. புள்ளைய இடம் மாத்துங்க" என்றார். மலையில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, சில வருஷம் அங்கே படிக்கட்டும் என்று ஒன்றின் பெயரையும் சொன்னார். காற்றை மாற்ற முடியாதாம், பிள்ளையை மாற்றலாமாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எனக்குக் கோபம் டாக்டர் மேல் இல்லை. யார் மேல் என்று காட்ட ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னதும் குதித்தார்.

"நானும் இங்கதானே பொறந்தேன். இன்னா, செத்தா பூட்டேன்? புள்ளைய தூக்கி எவன் வூட்லயோ வுட சொல்றியா?"

"வூடு இல்லய்யா, ஸ்கூலு. வந்து பாத்துட்டு பேசு."

"நான் வரல. நீயும் போவாத."

"நீ வராட்டி போ. வண்டி சாவிய குடு."

சாவியைக் கையில் கொடுக்கவில்லை, டி.வி. மேல் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் பார்த்தால் டேங்க் நிரம்பியிருந்தது, டயரில் காற்றும் அடித்திருந்தது. அந்த மனுஷனுக்குச் சண்டைகூட உருப்படியாகப் போடத் தெரியாது.

விடிவதற்குள் கிளம்பினேன். கண்டெய்னர் வண்டிகளின் வரிசையை ஓரமாக ஒட்டிக்கொண்டே மாதவரம் தாண்டினேன். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் மூக்கில் ஊர் வாசனை ஒட்டிக்கொண்டேதான் வந்தது. வேலூர் பக்கம் டீ குடிக்க நின்றேன். "தனியாவா வந்தீங்க?" என்றார் கடைக்காரர். "வண்டியும் கூட வந்துச்சு" என்றேன். டீ நன்றாக இருந்தது.

கிருஷ்ணகிரி தாண்டினதும் நிலம் விரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி, தூரத்தில் மொட்டைப் பாறை மலைகள், நடுவில் மாந்தோப்புகள். மனுஷ நடமாட்டமே இல்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். காற்று முகத்தில் வந்து அறைந்தது. இந்த இடத்தில் மனசு லேசாகிவிட்டது என்று எழுத வேண்டும். எனக்கு ஆகவில்லை. வயிறெரிந்தது. ஆளே இல்லாத பொட்டலுக்கு இத்தனை காற்று எதற்கு? குடும்பம் குடும்பமாக நாங்கள் அங்கே அரை மூச்சில் கிடக்க, இங்கே இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே தொப்பூர் இறங்கினேன்.

சேலத்தில் தங்கிவிட்டு மறுநாள் மதியம் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். செக்போஸ்ட்டில் ஒரு பெண் என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"பிளாஸ்டிக் மேல கொண்டுபோகக் கூடாதுங்கக்கா. மலை கெட்டுப்போயிருமுங்க."

அவள் தன்மையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க ஊரு ஆத்துல சாம்பல கொட்டி ரொப்பிகினு கீறாங்கோ. அங்க ஒரு செக்போஸ்ட்டு போட்டு நில்லேம்மா" என்றேன்.

"அதுக்கு நான் என்னங்கக்கா பண்ணட்டும்?"

அவள் என்ன பண்ணுவாள், பாவம். அங்கேயே நின்று பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். காலிப் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சாம்பல் விழுகிற எண்ணூர் முகத்துவாரம் மண்குடம் போலிருக்கிறது. வளைவுக்கு வளைவு இதையே சொல்லித் திட்டிக்கொண்டு ஏறினேன். மலை அழகாக இருந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

குன்னூரில் சின்ன லாட்ஜ். காலையில் கண் திறந்தபோது ஜன்னல் முழுக்க வெள்ளை. எதிரில் இருந்த மரம் இல்லை, நான் நிறுத்தின வண்டி இல்லை.

எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் வெளியே இப்படி வெள்ளையாக நின்றால் யாரும் ரசித்துக்கொண்டு நிற்க மாட்டோம். துண்டை நனை, மூக்கில் கட்டு, பிள்ளையைத் தூக்கு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. இதை எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. ஆலையில் கேஸ் கசிந்த நாட்களில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கக் கூடாது என்பதும் அப்படித் தெரிந்ததுதான்.

நான் மோந்து பார்க்கவில்லை. துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். ஒவ்வொரு கதவாக அறைந்தேன். "கேஸ் வந்துட்சி, எழுந்து வாங்கோ, மூக்க மூடிக்கோங்கோ." புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று போர்வையோடு வந்து நின்றது. ஒரு பெரியவர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் படியேறி ஓடிவந்தார்.

"மேடம், மேடம். அது மேகமுங்க."

முதலில் அந்தப் புதுப்பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் போனைத் தூக்கி அந்த வெள்ளையைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். துண்டிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. ஆத்திரம்தான் வந்தது. மேகத்தைப் பார்த்து, ஓடித் தப்பிக்கணும் என்று நினைக்கிற அளவுக்கு என்னை ஆக்கி வைத்திருக்கிறார்கள். என் மகளையும் இப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறேன். துண்டை அவிழ்த்து மூச்சை இழுத்தேன். ஒரு வாசனையும் இல்லை. அறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

பள்ளிக்கூடம் ஊருக்கு மேலே இருந்தது. அதே வெள்ளைக்குள் பெண் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கத்தினார்கள், ஓடினார்கள், ஒருத்திகூட நின்று இருமவில்லை. தலைமையாசிரியை என்னை உட்காரவைத்து, "குழந்தைக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

"கொழந்தைக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊருக்குத்தான்" என்றேன்.

அவர் ரிஜிஸ்டரை இழுத்து மகளின் பெயரை எழுதிக்கொண்டார். வருகிற ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். நன்றி சொன்னேன். காற்றுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சொல்லும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

வந்த வழியே திரும்பப் பிடிக்காமல் முதுமலை, பந்திப்பூர் வழியாகச் சுற்றி வந்தேன். காட்டுக்குள் போகிற ரோட்டில் மெதுவாகப் போ, ஹாரன் அடிக்காதே, இது விலங்குகளின் வீடு என்று போர்டுக்கு மேல் போர்டு. ஓரிடத்தில் யானைகள் கடந்தன. குட்டி நடுரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. பஸ், லாரி, கார் எல்லாம் வாயை மூடிக்கொண்டு அது போகும் வரை காத்திருந்தன. யானை நன்றாக இருக்கட்டும், அதன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இந்த மரியாதையில் கொஞ்சம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கலாம்.

ஜூனில் மகளை விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்காரர்தான் பெட்டியைத் தூக்கினார்.  நெபுலைசர் அங்கே பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது என்று விடுதி அம்மா போனில் சொன்னார். சந்தோஷப்பட்டேன். அப்படித்தானே படணும்.

அரைப்பரீட்சை லீவுக்கு வந்தாள். கன்னம் உப்பியிருந்தது, ஒரு பிடி வளர்ந்திருந்தாள். அவள் அப்பா மாலையில் வஞ்சிரம் வாங்கி வந்து அவரே வறுத்தார். தட்டைப் போட்டு உட்கார்ந்தபோது காற்று திரும்பி மணலி பக்கமிருந்து அடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியக்கூட இல்லை. அவள் மீனை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, உங்க ஊர்ல எப்பவும் இப்படித்தான் நாறுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.